சிப்பிக்கு அடியில் ஓர் அப்பன்

கடலடித் தரையோடு ஒட்டிக் கிடக்கும் சின்ன மீனை ஆராய்கிற வேலையில், பாதி நேரம் தண்ணீரில் குனிந்து கிடக்க வேண்டும். மீதி நேரம் எதற்குக் குனிந்தோம் என்று ஊருக்கு விளக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்குத் தன் வேலையைப் புரியவைக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு என் பாடு தெரியும்.

பெண் பார்த்த அன்று

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கடப்பாக்கம் முகத்துவாரத்தில் உளுவை மீனை ஆராய்கிறேன் என்றேன். எவ்வளவு பெரிசு என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். சுண்டுவிரலைக் காட்டினேன். அதன் வயிற்றுத் துடுப்புகள் ஒட்டிச் சேர்ந்து கிண்ணம் மாதிரி இருக்கும், அலை இழுத்தாலும் அதை வைத்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும் என்று உற்சாகமாகவே சொன்னேன். அவர் பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு என் அம்மாவிடம் கேட்டார்: "பெரிய மீனுக்கு மாத்திக் குடுக்க மாட்டாங்களா?"

அம்மா மீன் எங்கே?

என்னைப் படகில் அழைத்துப் போகிறவர் ஏழுமலை அண்ணன். அவர் மனைவி கஸ்தூரி அக்கா ஒருநாள் நான் குனிந்திருந்த இடத்துக்கே வந்துவிட்டார். தண்ணீர் வற்றித் தெளிந்திருந்த நேரம். ஒரு சிப்பி ஓட்டை மெல்லத் தூக்கிக் காட்டினேன். உள்பக்கம் முழுக்க முட்டைகள். கீழே ஓர் உளுவை நகராமல் நின்றது.

"பொம்பள மீன் எங்கமா?"

"முட்டைய ஒட்டிட்டுப் போயிடும்க்கா. குஞ்சு வர்ற வரைக்கும் அப்பாதான் துடுப்பால விசிறிக்கிட்டே காவல் இருக்கும்."

அக்கா படகுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "யோவ், இங்க வந்து இத்த பாரு! ஆம்பளயே புள்ளைங்கள பாத்துகினு கீது!"

பொக்லைன் வந்த காலை

முகத்துவாரம் மணல் மேவி, படகுகள் தரைதட்டிக்கொண்டிருந்தன. தூர்வார மீனவர்களே பொக்லைன் அமர்த்தினார்கள். அது இறங்கி நின்றது சரியாக நான் ஆராயும் சிப்பித் திட்டின் ஓரத்தில். முட்டைகளுக்குள் கறுப்பாகக் கண் தெரிய ஆரம்பித்திருந்த சமயம். ஓடினேன்.

"இஞ்சின் அடிவாங்குதுமா, இன்னா பண்ண சொல்ற?" என்றார் ஏழுமலை அண்ணன். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"நிறுத்த வேணாம்ண்ணா. கடல் பக்கத்துலேர்ந்து தோண்டிட்டு வாங்க. இந்த இடம் கடைசியா இருக்கட்டும். முட்டை கண்ணு வச்சிடுச்சு, சீக்கிரமே பொரிச்சிடும்."

அவர் டிரைவரிடம் கடல் பக்கம் கை காட்டினார்.

இயந்திரம் திரும்பி வருவதற்குள் ஓடுகளில் வெறும் முட்டைத் தோல்தான் மிச்சம். காலி ஓடுகளைக் கஸ்தூரி அக்காவும் நானும் கூடையில் அள்ளி எதிர்க்கரை ஆழத்தில் பரப்பினோம். அடுத்த தடவை போனபோது அவற்றில் ஒன்றின் அடியில் புதிதாக ஓர் உளுவை குடியேறியிருந்தது. வேலை முடிந்து இயந்திரம் கிளம்புகிற அன்று பொக்லைன் டிரைவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்: "மேடம், குட்டிங்க எல்லாம் நல்லா கீதா?"

கடலடியில் ஒரு சாண் இடம் காப்பாற்றக் கரையில் ஊரையே கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றாலும், கெஞ்சினால் சில சமயம் ஊர் ஒத்துக்கொள்ளவும் செய்கிறது என்பதுதான் இந்த வேலையில் நான் கண்ட பெரிய ஆராய்ச்சி முடிவு.