அண்ணன் அடித்த ஹாரன்

அந்தக் காருக்கு முன்னால் குனியும்போதெல்லாம் என் கண் முதலில் என் கட்டை விரலுக்குத்தான் போகும். முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அந்தக் காலத்து இன்ஜின் கிளம்பும். சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். வளைத்துப் பிடித்தால், இன்ஜின் திருப்பி அடிக்கிறபோது கை மாட்டிக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் என் அண்ணன். சொன்னவனே ஒருநாள் அவசரத்தில் வளைத்துப் பிடித்தான். மணிக்கட்டு முறிந்து, புண் சீழ் வைத்து, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

சித்திரை வெயில். ஊர் வந்து சேரும்வரை உடம்பு தாங்காது என்று அய்யா அங்கேயே எரித்துவிட்டு வந்தார். ஆத்தா மகன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசலில் கிடத்தி, முகத்தைப் பார்த்து, மாரில் அடித்துக்கொண்டு அழுது அனுப்புவதோடு அவர்களுக்கு அது முடிகிறது. ஆத்தாவுக்கு அது கிடைக்கவில்லை. கருமாதி நடந்தபோது அவளும் கூடத்தான் இருந்தாள். ஆனால் யார் கேட்டாலும், "மதுரையில கைக்கு வைத்தியம் பாக்குறான், வந்துருவான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அய்யா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

அண்ணன் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவராக இருந்தான். முதலாளி பர்மாவில், இங்கே அந்த வீட்டு ஆச்சி சொன்னதுதான் சட்டம். நான் புதுவயல் மில்லில் நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத நாளில் கார் கழுவப் போவேன். அண்ணன் கண்மாய்க் கரையில் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அது தெரிந்து ஆச்சி எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

"ஒங்க அண்ணன் எடத்துக்கு வெளியாளப் போட எனக்கு மனசு வரலப்பா. அவுக பர்மாவுலேர்ந்து வர்றதுக்குள்ள நீ லைசென்ஸ் வாங்கிரு. இல்லேன்னா மதுரையிலேர்ந்துதான் ஆள் கூட்டியாரணும்."

எங்கள் வீடு நடந்ததே அண்ணன் சம்பளத்தில்தான். மில்லில் எனக்குக் கிடைத்தது அரிசிக்கே காணாது. சரி என்றேன்.

தனியாக ஓட்டிப் பழகினேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். தனியாக எங்கே ஓட்டினேன்? டிரைவர் சீட்டில் அவன் உட்கார்ந்த இடம் குழிந்து கிடந்தது. அந்தக் குழியில்தான் நானும் உட்கார வேண்டும். கிளச்சை மிதித்தால், "மெதுவா விடுறா, மாட்டையா பத்துற" என்று காதோரம் கேட்கும். கியர் உறுமினால் நாக்கைச் சப்புக் கொட்டுவது கேட்கும். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், "செத்தும் என்னைத் திட்டுறியா?" என்று உரக்கக் கத்திவிட்டேன். கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கை ஓய்ந்து என்னையே பார்த்தார்கள். பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் நின்றுபோயிருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

ஓட்டுவதெல்லாம் வந்துவிட்டது. ஹாரன்தான் வரவில்லை.

அது கறுப்பு ரப்பர்க் குண்டு வைத்த பித்தளை ஹாரன். எங்கள் வட்டாரத்தில் கார்கள் குறைவு. குண்டை ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு மாதிரி அமுக்குவான். அடுப்படியில் இருந்தபடியே எந்த வீட்டுக் கார் என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். அண்ணன் இரண்டு தடவை வெடுக் வெடுக்கென்று அமுக்கி, மூன்றாவதை இழுத்து விடுவான். எங்கள் வீட்டு முக்கில் அந்தச் சத்தம் கேட்டால் ஆத்தா சோற்றுப்பானையை இறக்குவாள்.

பழக ஆரம்பித்த புதிதில், அந்த முக்கில் யோசிக்காமல் நான் அண்ணன் மாதிரியே ஹாரனை அமுக்கிவிட்டேன். ஆத்தா ஈரக்கையோடு ஓடிவந்தாள். மில் தவிட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பின் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நானும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே! அன்று அவள் சாப்பிடவில்லை. அதன்பிறகு ஊருக்குள் நான் ஹாரன் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. ஊரைத் தாண்டிய பொட்டலில், அவன் மாதிரி இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்து அடித்துப் பழகினேன். நினைவு இருக்கும்வரை சரியாக வரும். கொஞ்சம் அசந்தால், கை அதுபாட்டுக்கு வெடுக் வெடுக்கென்று ஆரம்பித்துவிடும்.

"திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடிக்கணுமாம். அடிக்காட்டித் தோக்கடிச்சுருவாகளாம்ல?" என்று ஆச்சி வேறு கேட்டுவைத்திருந்தார்கள்.

பரீட்சை காரைக்குடியில். லைசென்ஸ் வாங்குவதற்கு, லைசென்ஸ் இல்லாமலே அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புறப்படும்போது ஆச்சி அண்ணனுடைய காக்கிக் கோட்டையும் தொப்பியையும் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கென்றே தைத்துவைத்ததுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் காலத்தில் பரீட்சை வைப்பது போலீஸ்தான். வந்த அதிகாரி பெரிய மீசைக்காரர். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார், கிளப்பினேன். முடிந்தது என்று நினைத்தபோது, "கண்டனூருக்கு விடு" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு ஆச்சி அவரை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. காரைக்குடியிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிற வழி, எங்கள் வீட்டு முக்கு வழி.

வழி நெடுக ஹாரனை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வந்தேன். முக்கு நெருங்கியது. அடித்தால் ஆத்தா வருவாள். அடிக்காவிட்டால் லைசென்ஸ் போகும். வேகத்தைக் குறைத்து, கையை மட்டும் வெளியே நீட்டிக் காரைத் திருப்ப முயன்றேன்.

"ஹாரன் எங்கேய்யா?" என்று அதட்டினார்.

பதறி அமுக்கினேன். வெடுக். வெடுக். பிறகு அந்த இழுப்பு.

ஆத்தா தெருவுக்கே வந்துவிட்டாள். பிரேக்கை மிதித்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு தொப்பியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை பின் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை.

"வந்துட்டியாய்யா!" என்றாள். என் வலது கையை இழுத்து, கோட்டுக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டைத் தடவினாள். "கை ஆறிருச்சா பெரியவனே?"

நான் அவளுடைய சின்னவன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை. நான் பிறந்ததிலிருந்தே பார்த்ததில்லை.

"ஆறிருச்சு ஆத்தா" என்றேன்.

"யாருய்யா இந்த அம்மா?" என்றார் அதிகாரி.

"எங்க ஆத்தாங்க."

அவர் "நல்ல பிரேக்" என்று மட்டும் சொன்னார். ஆச்சி வீட்டுச் சாப்பாடு முடிந்து, இலையை விட்டு எழுந்தபோது, நான் பாஸ் என்றார்.

பொழுது சாயக் காக்கியைக் கழற்றிவைத்துவிட்டு, என் வேட்டியோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆத்தாவுக்கு அது பொருட்டாக இல்லை. பெரியவனே என்று கையைப் பிடித்து உட்காரவைத்து, சுடச்சுடச் சோறு போட்டாள். அய்யா என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். பிறகு ஆத்தா வாசலுக்குப் போய், தெருவை அங்குட்டும் இங்குட்டும் பார்த்தாள்.

"சின்னவன இன்னும் காணமே. ஒன் கூடத்தான வந்தான்? எங்குட்டு விட்டுட்டு வந்த?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வந்துருவான் ஆத்தா" என்றேன்.

சாகும்வரை அவள் அந்த வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளேயிருந்து ஒரு நாளும் பதில் சொல்லவில்லை.