கோர்ட்டில் கழற்றிய சப்பாத்து

மறைத்துப் பேசுவானேன், பாக்கியநாதனுக்குப் பொறாமைதான். ஹைதரின் கையில் மைக்கைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. முப்பத்தோரு வருஷம் லைட் ஸ்திரீட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் அவர். எந்த நீதிபதி எந்த நேரத்தில் எரிந்து விழுவார் என்பதுவரை அத்துப்படி. இந்த ஹைதரோ போன வருஷம்வரை கைப்பேசிக் கடையில் உறை விற்றவன். இப்போது ஞாயிறுதோறும் டவுன் ஹால், சிட்டி ஹால், கோர்ட் என்று வெள்ளைக்காரன் கட்டியதையெல்லாம் சுற்றிக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறான். அநியாயமா இல்லையா?

"மகன் வயசுப் பையனோட போட்டியா?" என்று மனைவி ரோசலின் கேலி செய்தாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

போன வாரம் ஹைதரே கூப்பிட்டான். கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழ்ப் பெண்கள் வருகிறார்களாம். அவன் வீட்டில் மலாய்தான் புழக்கம், தமிழ் தடுமாறும். தான் மலாயில் சொல்வதை அண்ணன் தமிழில் சொல்ல வேண்டும் என்றான். சுற்றுலாச் சங்கத் தலைவரும் கூட வருவார் என்றதும் பாக்கியநாதன் ஒப்புக்கொண்டார். உதவி செய்யவா? நல்ல கதை. பயல் உளறும்போது எல்லார் முன்னாலும் திருத்த வேண்டும், அடுத்த ஞாயிறு அந்த மைக் தன் கைக்கு வர வேண்டும். அதுதான் திட்டம்.

ஞாயிறன்று டவுன் ஹால் வாசலிலேயே ஹைதர் உளறினான். கட்டடத்துக்கு இருபது வயது கூட்டிச் சொன்னான். மாட்டினான் என்று பாக்கியநாதன் வாயைத் திறந்தார். ஆனால் அவன் சொன்ன தப்பான வருஷமே தமிழில் அழகாக வெளியே வந்தது. சாட்சி பொய் சொன்னாலும் பொய்யையே சொல், கூட்டாதே, குறைக்காதே என்று சத்தியம் செய்து முப்பத்தோரு வருஷம் பழகிய வாய். சிட்டி ஹாலிலும் அதே கதைதான். சனியன் பிடித்த வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கோர்ட் வாசலில் ஹைதர் குரலைத் தாழ்த்தினான். முன்பொரு காலம், நகை திருடியதாக ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கோயில் என்று நினைத்துச் சிலிப்பரை வாசலிலேயே விட்டுவிட்டாள். உள்ளே எல்லார் காலிலும் சப்பாத்து இருந்ததைப் பார்த்துக் கூனிக்குறுகினாள், பேச்சே வரவில்லை. அவளுடைய லாயர் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். அப்புறம்தான் பேசினாள், விடுதலையும் ஆனாள்.

லாயராவது, மண்ணாங்கட்டியாவது! அன்று சப்பாத்தைக் கழற்றியது மொழிபெயர்ப்பாளர் பாக்கியநாதன். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்ததும் அவருக்குத்தான். நாசி கண்டார் சோற்றுக்கடையில் தேநீர் குடித்தபடி இந்தப் பயலுக்கு இதைச் சொன்னவரும் அவரேதான்.

ஆனாலும் சொன்னார். ஒரு சொல் பிசகாமல், 'லாயர்' என்றே சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் நின்ற குணவதி அக்கா, "அந்த லாயர் பேரு என்ன தம்பி?" என்று ஹைதரைக் கேட்டாள்.

பாக்கியநாதன் கேள்வியை மலாயில் சொன்னார். ஹைதர் தலையைச் சொறிந்தான். யாரோ சொன்ன கதை, பேரெல்லாம் மறந்துவிட்டது என்றான்.

எல்லாரும் பாக்கியநாதனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரோ சொன்ன கதை," என்றார் அவர். "பேரெல்லாம் மறந்துபோச்சு."

கைதட்டினார்கள், ஹைதரைப் பார்த்து.