ஏசி இல்லாத ஊர்

மனைவி ஷார்ஜாவில் பார்த்த நர்ஸ் வேலையை விட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஆற்றங்கரை ஊருக்கு நர்ஸ் வேலைக்கே போனபோது, நான் ஷார்ஜாவிலேயே முவைலாவில் பேச்சிலர் ரூமுக்கு மாறினேன். ஏசி மெக்கானிக் வேலையை உடனே விட எனக்குப் பயம். லீவில் போய்ப் பார்த்து, அங்கேயே தங்கிவிடுவதா என்று முடிவு சொல்வதாகப் பேச்சு. விசா கொடுத்த முதலாளி, கஃபீல், ஒரு மாதம் லீவு கொடுத்தார்.

ரோலா கடைத்தெருவில் சாமான் வாங்கினேன். சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் போகும்போது வாங்குகிற அதே சாமான்தான்: ரோஜாப்பூ போட்ட கம்பளி, பால் பவுடர், சோப்பு, தைலம். அட்டைப்பெட்டியில் டேப் சுற்றி, மனைவி பெயரையும் அந்த ஊர்ப் பெயரையும் மார்க்கரில் பெரிதாக எழுதினேன்.

"வெள்ளைக்காரன் ஊர்ல சோப்பு மாஃபி, கிடையவே கிடையாது போல அண்ணாச்சி" என்றான் ரூமில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் ஆறு பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஓடியது. கரைச்சுவரில் பழைய வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். அது என் தோளுக்கு மேலே இருந்தது. பாலத்தைத் தாண்டினால் ஆடு மேயும் ஈர மேடுகள், வேறொன்றும் இல்லை. குளிர்காலம், மதியம் கழிந்ததுமே இருட்டிவிடும். மனைவி டியூட்டிக்கும் மகள் பள்ளிக்கும் போனபின் ஆற்றோரம் நடப்பேன். நாயோடு வருகிற கிழவர்கள் ஏதோ சொல்வார்கள். மழையைப் பற்றி இருக்கலாம். தலையாட்டுவேன். நடக்கும்போது பழக்கத்தில் சுவர்களை அண்ணாந்து பார்ப்பேன். ஒரு வீட்டில்கூட ஏசி இல்லை.

பெட்டியை மகள்தான் திறந்தாள். "எல்லாமே இங்கயே கிடைக்கும்ப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். கம்பளியை நானே போர்த்திக்கொண்டேன்.

இருப்பீர்களா என்று மனைவி கேட்பாள் என நாள்தோறும் எதிர்பார்த்தேன். அவள் கேட்கவேயில்லை. லீவு முடிகிற வாரம் அவள் அதே பெட்டியை எடுத்து வந்தாள். ரூம்காரர்களுக்கு பிஸ்கட், சாக்லேட், எனக்கு ஒரு ஸ்வெட்டர் என்று அடுக்கினாள். டேப் சுற்றினாள். என் எழுத்தை அடித்துவிட்டு, என் பெயரையும் ஷார்ஜா என்றும் பெரிதாக எழுதினாள்.

"அடுத்த லீவு எப்ப கிடைக்கும்?"

"கஃபீல்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.