புரோகிராமில் ஒரு காலிக் கட்டம்

நான் கால்பந்து மைதானத்துக்குப் போனதே வாசலில் கொடுக்கும் புரோகிராமுக்காகத்தான் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றும் சிரிப்பார். தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் எங்கள் கோயில் மைதானத்தில் கோடை விடுமுறைதோறும் போட்டி நடக்கும். அதற்கு அச்சடித்த நான்கு பக்க மஞ்சள் தாள்தான் அந்தப் புரோகிராம். மை விரலில் ஒட்டும். பூட்டுக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு நடுவே இரண்டு அணிகளின் பட்டியல் இருக்கும். அது கையில் இல்லாவிட்டால் மைதானத்தில் ஓடுவது வெறும் கால்கள். இருந்தால், இவர் எரியோட்டுக்காரர், அவர் நத்தம் என்று ஆட்கள் ஆகிவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு காலிக் கட்டம். கோல் விழுந்தால் எத்தனையாவது நிமிடம் என்று நாமே அதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து இரண்டு தரம் திரும்பி வருகிறவள் நான். அந்தக் கட்டத்தில் மட்டும் என் பேனா தயங்கியதில்லை.

அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு ஏழு மாத மகளோடு போயிருந்தேன். பக்கத்தில் மாமியார். எங்கள் ஊர் அணியில் ஒன்பதாம் நம்பர் என் கொழுந்தன். அதே அணியில் பதினொன்றாம் நம்பர், சின்னாளபட்டியில் தறி நெய்கிற பையன். இருவரும் அதுவரை சமமாக கோல் அடித்திருந்தார்கள். யார் முந்துகிறாரோ அவர் படம் அடுத்த வருடப் புரோகிராமின் அட்டையில் வரும். கொழுந்தன் அதற்காகவே போட்டோகூட எடுத்து வைத்திருந்தார்.

ஆட்டம் முடியச் சற்று முன் மகள் வீறிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் பால் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரே கூச்சல். திரும்பிப் பார்த்தால் கோல் வாசலில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள்.

"யாரு அத்தை?"

"நம்ம பயதேன். வேற எவன் அடிப்பான்?"

கடிகாரம் பார்த்து, ஒன்பதுக்கு எதிரே நிமிடத்தை எழுதினேன்.

ஆட்டம் முடிந்ததும் தகராறு. பந்து பதினொன்றின் முழங்காலில் பட்டுத்தான் உள்ளே போனது என்றார்கள் சின்னாளபட்டிக்காரர்கள். ரெஃப்ரி அணிக்கு கோல் என்று மட்டும் குறித்திருந்தார். மற்றவர்களின் தாள்கள் கடலைப் பொட்டலமாகியிருந்தன. கமிட்டி பெரியவர் நேரே என்னிடம் வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, படிச்ச பிள்ளை நீ. ஒன்பதுன்னு எழுதியிருக்கியே, கண்ணால பாத்துதான எழுதுன?"

கொழுந்தன் வியர்வை சொட்ட என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைங்கய்யா. பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தேன். கேட்டுத்தான் எழுதுனேன்."

"யார்ட்டக் கேட்ட?"

மாமியார் அவசரமாகப் பேத்தியின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினார். நான் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"இம்புட்டுத் தூரம் வந்து பாக்காமத்தான் எழுதுனீகளா மதினி?" என்று கேட்டுவிட்டுப் போன கொழுந்தன், அதன்பின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் என்னையே கேட்டேன். வழக்கமாக எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வரும். இந்தத் தடவை ஒரே பதில்தான் வந்தது: பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

அடுத்த கோடையில் புரோகிராமைக் கொழுந்தனே கொண்டுவந்து மேசைமேல் போட்டார். கோல் யாருடையது என்று கமிட்டியில் தீராததால் அட்டையில் இரண்டு படங்கள், ஆளுக்குப் பாதி.

"பாருங்க, உங்க புண்ணியத்துல எனக்கு ஒரு காதைக் காணோம்."

"பிள்ளை அழாம இருந்தா நானே பாத்திருப்பேன் தம்பி. முழு அட்டையும் வந்திருக்கும், இல்ல ஒண்ணுமே இல்லாமலும் போயிருக்கும். எது வந்திருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் புரோகிராமை எடுத்து மடிக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "பாதியே போதும் மதினி," என்று சிரித்துக்கொண்டே மைதானத்துக்குக் கிளம்பினார்.