வாய்க்காலுக்கு அடியில் போன குழாய்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை எழுதுவது. ஆலைகளிலும் எரிவாயு நிலையங்களிலும் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்கும் கூட்டங்களை நடத்தித் தரும் சிறிய நிறுவனம் அது, அலுவலகம் சென்னையில். அந்த முறைக்கு ஹேசாப் என்று பெயர். வரைபடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓட்டம், அழுத்தம், வெப்பம் எல்லாவற்றோடும் 'இல்லை, அதிகம், குறைவு, எதிர்த்திசை' என்ற சொற்களைப் பொருத்திக் கேட்பார்கள். அழுத்தம் குறைந்தால்? எதனால் குறையும்? குறைந்தால் யாருக்கு என்ன ஆகும்? தடுக்க என்ன இருக்கிறது? பதில்களை நான் தட்டச்சு செய்யச் செய்ய, எதிர்ச் சுவரில் திரையில் தெரியும்.

வேதிப்பொறியியல் படித்துவிட்டு இப்படிக் கேட்டெழுதுவது எனக்கு அலுப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்களுக்கும் அலுத்துவிடும். "முன்னாடி சொன்னதேதான், காப்பி பண்ணிக்குங்க" என்பார்கள். கூட்டத்தை நடத்தும் மேடம் மட்டும் விடமாட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஒரு வரியையாவது காப்பி செய்ய அவர் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு கூட்டத்துக்காகத் தஞ்சாவூர் வந்தோம். வயல்களுக்கு நடுவே இருந்த ஓர் எரிவாயுக் கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் பழைய குழாயைப் பற்றிய ஆய்வு. வரைபடத்தை விரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் சித்தப்பா சாகுபடி செய்யும் நிலத்தின் வழியாகத்தான் அந்தக் கோடு போயிற்று. நிலம் கோயிலுடையது, தாத்தா காலத்திலிருந்து குத்தகை எங்கள் குடும்பத்துக்கு. குழாய் பதிக்கக் கோயில் நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. சித்தப்பாவை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் போராட்டக் குழுவில் இருந்தார். மறியல், கைது, வழக்கு எல்லாம் உண்டு. மேடத்திடம் இதைச் சொன்னேன். "சொன்னது நல்லதாப் போச்சு. எழுதுறத எழுதுங்க, தெரிஞ்சதச் சொல்லுங்க" என்றார்.

இரண்டாம் நாள், குழாய் ஒரு பாசன வாய்க்காலைக் கடக்கும் பகுதிக்கு வந்தோம். அழுத்தம் குறைவு; அதற்குக் காரணம் கசிவு; கசிவுக்குக் காரணம் வெளியிலிருந்து சேதம். எரிவாயுக் கம்பெனியின் களப் பொறுப்பாளர் இல்லை என்று தலையசைத்தார். "அதெல்லாம் வராது மேடம். ஒண்ணரை மீட்டர் ஆழத்துல கெடக்கு. அவ்வளவு ஆழம் யாரு தோண்டப் போறா?"

என் விரல்கள் 'சேதத்துக்கு வாய்ப்பில்லை' என்று பாதி அடித்துவிட்டன. பிறகு நிறுத்தினேன்.

"தூர்வார பொக்லைன் எறங்கும் சார்" என்றேன். "மேட்டூர்ல தண்ணி தொறக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் எறங்கும்."

"மேல இருக்குற வண்டலத்தானேம்மா வாருவாங்க?"

"அந்த ஒண்ணரை மீட்டர எங்கேருந்து அளந்தாங்க? வண்டல் மேலேருந்தா, அடித்தரையிலேருந்தா?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் கோப்பைப் புரட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவரை கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. மேடம், "அந்த வரியை அழிங்க" என்றார். ஆழத்தை மறுபடி அளக்க வேண்டும், தேவைப்பட்டால் குழாயின் மேல் கான்கிரீட் பலகை போட வேண்டும் என்று எழுதினோம்.

அளக்கப் போன கம்பெனி ஜீப்பை ஊர்க்காரர்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போனேன். கம்பெனி சார்பாகப் பேசமாட்டேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சித்தப்பா கொல்லையில் மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் குனிந்தபடியே கேட்டார்.

"பலகை போட்டா ஆபத்து கொறைஞ்சிடும்ங்கற?"

"ஆமா சித்தப்பா."

"ஆபத்து இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் எதச் சொல்லி அத எடுக்கச் சொல்றது? பத்து வருஷமா எடுன்னுதானே கேக்குறோம். நீ வந்து அத இன்னும் கெட்டியா உக்கார வெக்கிறியே!"

அபாயத்தை முதலில் அடியோடு நீக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் தடுப்பு, அதுவும் முடியாதபோதுதான் எச்சரிக்கை என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். சித்தப்பா கேட்டது அந்த முதல் படியை. நாங்கள் அதை யோசிக்காமலே இரண்டாவது படியிலிருந்து எழுத ஆரம்பித்திருந்தோம்.

சித்தி சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "அவன் எடுக்கறப்ப எடுக்கட்டும். இந்த வருஷம் பொக்லைன் ஓட்டுற புள்ள கதி என்ன?"

சித்தப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "அந்த எடத்துல மட்டும் ஆள விட்டு வெட்டிக்கறோம். பலகையெல்லாம் வேணாம்" என்றார்.

சொன்னபடியே செய்தார்கள். தூர்வாரும் நாளில் பொக்லைன் அந்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டது. நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார்கள். நானும் போயிருந்தேன். வண்டலை வாரி, பழைய அடித்தரையைத் தொட்டு மண்வெட்டி இன்னும் கொஞ்சம் இறங்கியதும், ஒரு முழத்துக்குள்ளேயே, குழாய்க்கு மேல் புதைத்துவைக்கும் மஞ்சள் எச்சரிக்கை நாடா சுருண்டு கிடந்தது. எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார் சித்தப்பா. நான் களப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். ஜீப்பைச் சாலையிலேயே விட்டுவிட்டு அவர் தனியாக நடந்து வந்தார். யாரும் மறிக்கவில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, நாடாவுக்குக் கீழே கையாலேயே மண்ணை விலக்கி அளந்தார்; ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப.

"வண்டல் மேலேருந்துதான் அளந்திருக்காங்க" என்றார் என்னிடம். கரையில் நின்றவர்களைப் பார்த்து, "கேஸ நிறுத்தச் சொல்றேன். யாரும் கிட்ட வராதீங்க" என்றார்.

மேடம் கூட்டத்தை மறுபடி கூட்டினார். குழாயின் அந்தப் பகுதியை அகற்றுவது என்பது இம்முறை முதல் பரிந்துரையாக ஏறியது. "இது ஆய்வோட எல்லைக்குள்ள வராது" என்று கம்பெனியிலிருந்து வந்த பெரிய அதிகாரி சொன்னார். "வராதுன்னு நீங்க சொன்னதையும் சேத்து எழுதிக்கறோம்" என்றார் மேடம். நான் எழுதினேன். களப் பொறுப்பாளர் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.

குழாயை இன்னும் ஆழமாகப் பதிக்க ஊர் சம்மதிக்கவில்லை. எடுக்கக் கம்பெனி சம்மதிக்கவில்லை. கடைசியில் கம்பெனி எரிவாயுக் கிணற்றையே அடைத்துவிட்டது, வெற்றுக் குழாய் அங்கேயே கிடக்கிறது. சித்தப்பாவுக்கு இதில் திருப்தி இல்லை. என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். போன் செய்தால் சித்தியிடம் கொடுத்துவிடுவார்.

அடுத்த சம்பா நடவுக்குப் பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். முத்துப்பேட்டைப் பக்கம் வேறொரு ஊரில் இதேபோல் ஒரு குழாய் போகிறதாம். அந்த ஊர்க்காரர்கள் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எழுதுவீங்களே ஒரு அறிக்கை, அத ஊர்க்காரங்க கேட்டா குடுப்பாங்களா?"

"என்னால குடுக்க முடியாது சித்தப்பா. தகவல் உரிமைச் சட்டத்துல நீங்க கேக்கலாம். இல்லன்னுதான் பதில் வரும்."

"வரட்டும். மேல்முறையீடு பண்ணுவோம். என்னென்ன கேக்கணும், அத மட்டும் சொல்லு" என்றார். பக்கத்தில் யாரிடமோ பேனா கேட்கும் சத்தம் வந்தது. நான் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.