என் அக்கா எவனோடும் ஓடவில்லை

கூடப் பிறந்த அக்கா மூன்றாவது வரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போதே, மேடையில் நின்று அவளை ஊரறிய ஓடுகாலி ஆக்கியவன் நான். அன்றைக்கென்று ஒலிபெருக்கி வேறு நன்றாக வேலை செய்தது.

நடந்தது என் முதல் நாவலின் வெளியீட்டு விழாவில், சுங்கை பட்டாணியில். அதற்கு முன்பு நான் பல வருடங்களாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. வழியில் பார்த்தால் சிரிப்பார்கள். பொன்னாடை போர்த்த மாட்டார்கள். பொன்னாடை வேண்டுமென்றால் நாவல் எழுத வேண்டும். நாவல் என்றால் ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். தோட்டத்தைப் பற்றி என்றால் படிக்கிறவர்கள் அழ வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது தோட்டம் ஒன்றுதான்.

நான் டவுன் பையன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. காலையில் தேங்காய்ப்பால் ஜாமான காயா தடவிய ரொட்டி, பத்து மணிக்குக் கடைப் பிஸ்கட், மத்தியானம் மீன் குழம்பு. பசி என்று நான் அறிந்ததெல்லாம் சாயங்காலத் தேநீருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் வரும் ஒரு சின்ன அசௌகரியம். தோட்ட அனுபவம் ஒரே ஒரு முறை வாய்த்தது. எனக்கு அம்மை போட்டபோது, கடைக்கு வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று என்னைச் செமிலிங் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்த தாய்மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளி விடுமுறை முழுக்க வேப்பிலையோடு படுத்திருந்தேன். ஜன்னல் வழியாக ஓர் ஆடு தெரிந்தது. அந்த ஆட்டை வைத்துக்கொண்டுதான் தலைமாட்டுக்கு வைக்கிற கனத்தில் ஒரு நாவல் எழுதினேன்.

அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. ஆனால் எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஏற்புரை என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் புத்தகத்தைப் பாராட்டி ஓய்ந்த பிறகு, எழுதியவன் எழுந்து தான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நாவல் எப்படி என்பதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். நீ எந்தத் தோட்டம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், மழைக்கு உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் ஒழுகியது, இதுதான் சபைக்குத் தெரிய வேண்டும். எனக்கு முன்னால் பேசிய நாவலாசிரியர்களை வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பட்ட துன்பம் நிஜம். அந்த வரிசையில் நின்று காயா ரொட்டியைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை.

என் நாவல் ஒரு தம்பி சொல்வது போல எழுதப்பட்டது. அவனுடைய அக்கா கட்டின புருஷனை விட்டுவிட்டு ஒரு லோரிக்காரனோடு போய்விடுகிறாள். பல வருடம் கழித்து ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வருகிறாள். அம்மா கதவைச் சாத்திவிடுகிறாள். கதை இவ்வளவுதான். ஏற்புரையில் நான் குரலைத் தழைத்து, "இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. அந்த அக்கா இன்னும் இருக்கிறாள். இதோ, இந்த மண்டபத்தில்தான் எங்கேயோ அமர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

உலகத்து அக்காமார் எல்லோரையும் சேர்த்துச் சொன்னதாக எனக்கு நினைப்பு. சபை அதை இருக்கை எண் கொடுத்ததாக எடுத்துக்கொண்டது. அத்தனை தலையும் திரும்பியது. எனக்கு இருப்பது ஒரே அக்கா. கையில் பாதி முறுக்கோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தான். அவருக்குப் பக்கத்தில், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்குப் பிறந்த ஒரே மகள். அத்தான் ஓய்வு பெறும்வரை எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். எழுதிய அத்தனை மாதத்தில் இது ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை. எழுத்தாளனின் கூர்ந்த பார்வை என்று பேசுகிறார்களே, அது எனக்கு இருந்த அழகு இது.

கூட்டம் முடிந்ததும் அக்கா வந்து, "நல்லாத்தான் பேசுனே. எந்த அக்காடா அது?" என்று கேட்டாள்.

"அது இலக்கியம்க்கா."

"ஓ" என்றாள். நல்லவேளை, தீர்ந்தது என்று நினைத்தேன்.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். மறுநாளைக்குள் கெடா மாநிலத்தில் தமிழ் தெரிந்த கைப்பேசிக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரமே பாடாங் செராயிலிருந்து, அக்கா மகளைக் கட்டிக்கொள்ள இருந்த பையன் வீட்டிலிருந்து, அக்காவுக்குச் செய்தி வந்தது. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமாம்.

மருமகள் பாலர்பள்ளி ஆசிரியை. பையன் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். இருவரும் விரும்பி, வீட்டில் சொல்லி, இரண்டு பக்கமும் சம்மதித்து நாள் குறித்த கல்யாணம். இப்போது பையன் வீட்டில் பேச்சு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு முதல் புருஷன் ஒருவர் இருந்தாராமே, இந்தப் பெண் லோரிக்காரருக்குப் பிறந்ததாமே என்று. என் அத்தானின் சொந்த மகள் என் அத்தானுக்குப் பிறந்தது ஒரு குற்றமாகிவிட்டது. நான் பார்க்கப் போனபோது மருமகள் வீங்கிய கண்ணோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். திட்டவில்லை. "மாமா, அடுத்த புத்தகத்துல என்னைச் சாகடிச்சிடுங்க. ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம பாடாங் செராய் போறோம். நீயும் வர்றே. வந்து, நீ சொன்னது பூரா பொய்யின்னு சொல்றே."

"பொய் இல்லக்கா, புனைவு."

"இத அங்க வந்து சொல்லித் தொலைக்காத."

ஞாயிற்றுக்கிழமை அத்தான்தான் ஓட்டினார். அவர் அதிகம் பேசாதவர். பாதி வழியில், "உன் புத்தகத்துல அந்த லோரிக்காரன் கடைசியில என்னா ஆனான்?" என்று கேட்டார்.

"ஆத்துல லோரியோட விழுந்து செத்துட்டான் அத்தான்."

"ஏன், பிரேக் பிடிக்கலையா?"

"குற்ற உணர்ச்சி அத்தான்."

கொஞ்ச தூரம் போனதும், "பிரேக்கத்தான் பாத்திருக்கணும்" என்றார்.

அந்த வீட்டில் எங்களுக்காக மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அப்பா, அம்மா, பெரியப்பா. பெரியப்பா மெர்போக் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் என் நாவல். பள்ளிப் புத்தகம் போல அதற்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டிருந்தார். விழாவுக்கு வந்தவரும் அவர்தான், அங்கே கேட்டதை வீட்டில் வந்து சொன்னவரும் அவர்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தக் கஞ்சி அத்தியாயம் இருக்கே... படிச்சிட்டு எனக்குச் சோறு எறங்கல சார்."

"உக்காருங்கண்ணே" என்றாள் அக்கா, கொஞ்சம் சத்தமாக.

நான் ஆரம்பித்தேன். நான் தோட்டத்தில் பிறக்கவில்லை, அப்பா கடை வைத்திருந்தார், ஒருவேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை, என் அக்காவுக்கு ஒரே கல்யாணம், ஒரே புருஷன், இதோ இவர்தான் என்று அத்தானைக் காட்டினேன். அத்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா கனிவாகச் சிரித்தார். "புரியுது சார். குடும்ப மானம். ஒங்க எடத்துல நான் இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

"இல்ல சார், நெசமாவே கற்பனைதான்."

"கற்பனையில அப்பிடி எழுத முடியாது லா. நான் தோட்டத்துலேயே கெடந்தவன். எனக்குத் தெரியாதா?"

ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் எழுத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை. தோட்டத்திலேயே வாழ்ந்த ஒரு மனிதர், என் தோட்டத்தை நிஜம் என்று என்னிடமே சாதிக்கிறார். மருமகளின் வாழ்க்கை நடுவில் நிற்கிறது. நானோ உள்ளுக்குள் மெல்லப் பூரித்துக்கொண்டிருந்தேன். அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தாள்.

வேறு வழியில்லாமல் என் நாவலை நானே இடிக்க ஆரம்பித்தேன். கஞ்சி அத்தியாயம், சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு கிளினிக்கில் காத்திருந்தபோது எழுதியது; அன்றைக்கு டாக்டர் தாமதம். கூரை ஒழுகுகிற காட்சி, என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஒப்பந்தக்காரர் செய்து வைத்த லட்சணம். லோரி விழுந்த ஆறு, எங்கள் தாமான் குடியிருப்புக்கு முன்னால் ஓடும் பெரிய சாக்கடை. அம்மா கதவைச் சாத்துவது, பாசாருக்குப் போன நான் மீனை மறந்துவிட்டு இலக்கியப் பத்திரிகையோடு திரும்பிய அன்று என் மனைவி சாத்தியது.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பெரியவர் நெருங்கின சொந்தத்தில் துக்கம் கேட்பவர் மாதிரி ஆகிக்கொண்டே வந்தார்.

"அப்ப அந்த ஆடு?"

"ஆடு நெசம் சார்."

கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டார். பிறகு புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "சரி, மத்ததெல்லாம் போகட்டும். அக்கா லோரியில ஏறிப் போற அன்னிக்கு அந்தத் தம்பி வாசல்ல நிக்கிறான் பாருங்க, தூசி அடங்குற வரைக்கும். அத ஒருத்தன் கிளினிக்ல உக்காந்துக்கிட்டு எழுத முடியாது. அது எங்கேருந்து வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

பையனின் அப்பா, அம்மா இருவரும் என்னையே பார்த்தார்கள். இதற்கு நான் சொல்லும் பதிலில்தான் அந்தக் கல்யாணம் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இதற்கு மட்டும் நான் பதில் தயாரித்துக்கொண்டு போகவில்லை.

அதனால் இருந்ததைச் சொன்னேன். அப்பா கடையில் பொட்டலம் கட்டுவதற்குப் பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் போடுவார். சாயங்காலம் அக்கா அவற்றைக் கிழித்து அடுக்குவாள். அடுக்கும்போது அதிலிருக்கும் தொடர்கதைகளை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். பக்கங்கள் தாறுமாறாகக் கிடக்கும். ஆரம்பம் இருந்தால் முடிவு இருக்காது. "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று கேட்டால், தாளைக் கீழே வைக்காமலே அவளாக ஒரு முடிவைச் சொல்லுவாள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கோயிலில், மேளத்தோடு, எல்லோரும் அறிய. பூ ஒட்டின காரில் மெர்போக்குக்குப் போனாள். அரை மணி நேர தூரம்தான். ஆனால் மறுநாளிலிருந்து கதைகளுக்கு முடிவு கிடையாது. நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கார் போகிறவரை வாசலில் நின்று அழுதது நினைவிருக்கிறது. நாவலில் அந்தக் காரை லோரியாக்கினேன்.

இவ்வளவையும் அந்த வீட்டுச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடிதான் சொல்ல முடிந்தது.

அதுவரை வாயே திறக்காத பையனின் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சேன்னா தம்பி இத்தாந்தண்டி புத்தகம் எழுதுனீங்க?"

"ஆமாங்க."

"அதுக்கு அந்தம்மாவ லோரியில ஏத்தித்தான் அனுப்பணுமா?"

நான் மறுபடியும் நாட்காட்டியைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் தம்பியும் இப்பிடித்தான். எனக்குக் கல்யாணம் ஆனதும் ரொம்ப நாளைக்கு இவருகிட்ட பேசவே இல்ல. நல்லவேள, அவனுக்கு எழுதத் தெரியாது." பிறகு என் அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, நாளெல்லாம் மாத்த வேணாம். வெச்ச நாளே இருக்கட்டும். பிள்ளைய அழ வேணாம்னு சொல்லுங்க."

பையனின் அப்பா ஒரு முறை தலையை ஆட்டினார். அறைக் கதவுக்குப் பின்னால் யாரோ கைப்பேசியில் அவசரமாகப் பேச ஆரம்பித்தது கேட்டது. அது மாப்பிள்ளை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்த கறிபாப் பலகாரம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். வந்ததிலிருந்து அவள் வாயில் வைத்தது அதுதான் முதல்.

பெரியப்பா மட்டும் சமாதானம் ஆகவில்லை. கிளம்பும்போது நாவலை என்னிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க சார்." போட்டேன். "அதுக்குக் கீழ, எல்லாம் கற்பனைன்னு எழுதிடுங்க." அதையும் எழுதினேன்.

திரும்பும்போதும் அத்தான்தான் ஓட்டினார். அக்கா முன் இருக்கையில் இருந்தாள். தோள் மட்டும் எனக்குத் தெரிந்தது. நாற்பது வருடமாக அவளிடம் சொல்லாத ஒன்றை வேற்று வீட்டுக் கூடத்தில் சொல்லியிருக்கிறேன். கலங்கிப் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. தொந்தரவு செய்யாமல் இருந்தேன். சுங்கை பட்டாணி நெருங்கியதும் அவளாகவே திரும்பினாள்.

"அந்தக் கல்யாணக் கதை நல்லாச் சொன்னே."

"கதை இல்லக்கா."

"ஆமா. ஐஸ்கிரீம்காரன் பின்னாலயே ஓடிப்போயி, அவன் மோட்டார நிறுத்தாமப் போயிட்டான்னுதான் அன்னிக்கு வாசல்ல நின்னு அழுதே. நான் பூ ஒட்டின காடியில ஏறுறப்ப நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."