ஆபரேஷன் உண்டு என்றால் நல்ல செய்தி!

புற்றுநோய் ரிப்போர்ட்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவர்கள் யாராவது உண்டா? நான் குதித்திருக்கிறேன்!

எழுபதுகளில் நடந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. (படித்த பெண் என்று பெயர்தான். ஆண்களிடம் பேசுவதென்றால் அவர்கள் செருப்பைப் பார்த்துத்தான் பேசுவேன்.)

கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் மிக்கேல் அண்ணன், இருமலில் ரத்தம் வந்து அட்மிட் ஆகியிருந்தார். நுரையீரலின் அடியில் கட்டி. அதிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி ஸ்லைடு செய்தது நான்தான்.

புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. எந்த செல் என்பதுதான் கேள்வி!

'ஓட் செல்' என்று ஒரு வகை. தானியம் போலச் சின்னச் சின்ன செல்கள். கண்ணில் படுவதற்குள் பெரும்பாலும் உடம்பெல்லாம் பரவியிருக்கும். அறுத்துப் பயனில்லை என்று சர்ஜன் கத்தியையே எடுக்க மாட்டார்.

'ஸ்குவாமஸ்' என்றால் செதில் போன்ற செல்கள். பொதுவாகக் கொஞ்ச காலம் இருந்த இடத்திலேயே வளரும். பரவுவதற்கு முன் வெட்டி எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு.

"ஸ்குவாமஸ்தாம்மா. நீயே பாரு" என்றார் லேப் டாக்டர்.

பார்த்தேன். வெங்காயச் சருகை அடுக்கிய மாதிரி! குதித்தே விட்டேன். (ஸ்டூல் விழுந்தது.)

வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, கட்டி இருக்கும் பகுதியை எடுத்துவிடலாம் என்று சர்ஜனும் சொல்லிவிட்டார்.

வார்டுக்குப் போனால் ஒரே அழுகை! மிக்கேல் அண்ணனின் மனைவி ரெஜினா அக்கா தரையில் கிடக்கிறார். அவருடைய அண்ணன் சூசை, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

"கத்தி வைக்கணும்னு சொல்லிட்டாவ. அப்ப எல்லாம் முடிஞ்சி போச்சின்னுதான அர்த்தம்? இருக்கித மூச்ச வீட்டுல வச்சி விடட்டும். ஏளா ரெஜினா, எந்திரி!"

அந்தக் குடும்பத்தில் சூசை சொல்வதுதான் முடிவு. அப்படியே கூட்டிப் போய்விட்டால் மிக்கேல் அண்ணன் அவ்வளவுதான்.

என் வாய் எப்படித் திறந்ததோ!

"அண்ணாச்சி, தப்பா நெனச்சிட்டிய! கத்தி வைக்க முடியாதுன்னு சொன்னாத்தான் பயப்படணும். இது வெட்டி எடுக்கக்கூடிய வகை. நானே கண்ணால பாத்தேன்!"

"கேன்சர்ல நல்லது கெட்டது வேறயா? நீ யாருளா?"

"லேப்புல வேல பாக்கேன்." (மறுபடியும் செருப்பைப் பார்த்து.)

கட்டிலிலிருந்து மிக்கேல் அண்ணன் சொன்னார். "மச்சான், இந்தப் பிள்ள பொய் சொல்லுத மாரி தெரியல. தலையத் தூக்கவே இந்தப் பாடு படுது, பொய் எங்கன சொல்லப் போவுது!"

சூசை மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள வெட்டும்போது இவன் மூச்ச யாரு பாத்துக்கிடுவா?"

"மயக்க மருந்து குடுக்குத டாக்டரம்மா."

"அவியள நான் பாக்கணும்."

காரணம் பிறகுதான் புரிந்தது. கடலில் முங்குகிறவரின் கயிற்றை மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பார்களாம். கீழிருந்து கயிறு லேசாக அசைந்தாலும் மேலே இழுத்துவிட வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலி என்பதால் கவனம் சிதறாது! மிக்கேல் அண்ணனின் மூச்சு அதுவரை சூசையின் கையில்தான் இருந்திருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பார்?

டாக்டரம்மா வந்தார்.

"கண்ண வேற பக்கம் திருப்ப மாட்டியளே?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க கடல்ல திருப்புவீங்களா?"

"மாட்டேன்."

"நானும் மாட்டேன்."

சூசை, ரெஜினா அக்காவின் கையைப் பிடித்து டாக்டரம்மாவின் கையில் வைத்தார். "இனி இவ ஒங்க தங்கச்சி."

ஆபரேஷன் அன்று தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தது டாக்டரம்மாதான். "அண்ணாச்சி, கட்டியை எடுத்தாச்சு. அவர் தானா மூச்சு விடுறார்!"

அதுவரை கல்லாக நின்ற சூசை, சுவரோடு சரிந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்!

மிக்கேல் அண்ணன் அதன் பிறகு கடலில் முங்கவில்லை. கரையில் நின்று சத்தம் போட்டே எத்தனையோ வருடம் ஆட்களை வேலை வாங்கினார்.

மிச்ச நுரையீரலுக்கே அந்தச் சத்தம்!